ஜமக்காளத்துக்குக் கீழே

அதிகாரி உள்ளே வந்ததும் நேராகப் போய் அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்.

இருபத்தைந்து கிலோ மூட்டை ஆறு. அவற்றைப் புவனா நெருக்கி அடுக்கி, பவானி ஜமக்காளம் விரித்து, தலையணை போட்டுத் திவான் மாதிரி ஆக்கியிருந்தாள். பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன.

தட்டுப்பாடு வந்ததிலிருந்து வீட்டுக்கு ஐம்பது கிலோதான் என்று உத்தரவு. மிச்சத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். நேற்று எதிர்வீட்டு பாலுசாமியின் அரிசியை லாரியில் ஏற்றினார்கள், அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

"ஊட்டுல எத்தனை பேருங்க?"

"நாலு பேருங்க சார். அவரு மில்லுக்குப் போயிருக்காருங்க. புள்ளைங்க ரெண்டும் பள்ளிக்கூடத்துல."

"அரிசி?"

"சமையல்கட்டுல ஒரு டின்னு இருக்குதுங்க."

"அவ்வளவுதானுங்களா, அம்மணி?"

"அவ்வளவுதானுங்க."

வாசலிலிருந்து போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க சார், கட்டிலு பீரோவெல்லாம் நகத்திப் பாத்தரலாங்களா?"

"நீ வண்டிகிட்ட நில்லப்பா. நான் பாத்துக்கறேன்."

அப்போதுதான் ஒரு அரிசி வண்டு வெளியே வந்தது. அதிகாரியின் வெள்ளைச் சட்டைக் கையில் ஏறி, முழங்கை வரை நடந்து, நின்றது.

அதை அவள் பார்த்தாள். அவரும் பார்த்தார். இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு குனிந்து ஜமக்காளத்தின் ஓரத்தைத் தூக்கினார். காய்ந்த வேப்பிலை நாலைந்து தரையில் உதிர்ந்தன.

நாலரை மணிக்குப் பிள்ளைகள் வரும். பூட்டிய கதவைப் பார்த்து யாரைக் கூப்பிடும்?

"சார்..." என்றாள் புவனா.

அவர் ஒரு படிவத்தை நிரப்பினார். "கையெழுத்துப் போடுங்க."

எழுத்துகள் கண்ணில் மிதந்தன. எதற்குப் போடுகிறோம் என்று தெரியாமலே புவனா போட்டாள்.

அவர் எழுந்தார். ஜமக்காளத்தைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார். வாசல்வரை போனவர், வண்டிகிட்ட நின்ற போலீஸ்காரரை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"வண்டுக்கு வேப்பிலை பத்தாதுங்க, அம்மணி. எங்க ஊட்டுல வரமொளகாய்தான் போட்டு வெச்சிருக்கறோம்."