அனுமதி இல்லாத மாடி

இரத்தினசிங்கத்தின் கை சஜீத்தின் கன்னத்தில் இறங்கிய வேகத்தைப் பார்த்து, கொங்கிறீட் குழைத்துக்கொண்டு நின்றவர்கள் அப்படியே விறைத்துப் போனார்கள்.

சஜீத்துக்குக் காது கூவியது. ஓர்ஸ் ஹில்லில் கடலைப் பார்த்தபடி விடுதி கட்டுகிற முதலாளி அவன். தன் வேலையாட்களுக்கு முன்னாலேயே அறை வாங்கியிருக்கிறான். அடித்தவர் நகர சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். யாரையும் 'நீ' என்றுகூடச் சொல்லியறியாத மனிதர்.

இரண்டு மாடிக்குத்தான் சபை அனுமதி கொடுத்திருந்தது. மூன்றாவதுக்குக் கேட்டபோது, "கீழ்த் தூணுகள் அதுக்குப் போட்டதில்லை" என்று இரத்தினசிங்கம் மறுத்துவிட்டார். பக்கத்து விடுதிக்காரனின் ஆள் இவர் என்று முடிவுகட்டிய சஜீத், அனுமதி இல்லாமலே வேலையைத் தொடங்கிவிட்டான்.

இன்று மூன்றாம் மாடிக்குக் கொங்கிறீட். வந்திறங்கிய இரத்தினசிங்கம் கீழ்த்தளத்துக்குள் ஒரு சுற்றுப் போய், தூண்களைத் தடவிப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

"வேலையை நிப்பாட்டி ஆக்களை இறக்குங்கோ. இப்பவே."

"கொங்கிறீட் போடக்குள்ள நிப்பாட்ட ஏலா சேர். நோட்டீஸ நாளைக்கு வந்து ஒட்டுங்க." சஜீத் சிரித்தான். மேலே நின்ற மேசன்மாரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் அந்த அறை விழுந்தது.

"புடிங்கடா இவன!"

சஜீத் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். கீழே நின்றவர்களும் பின்னால் வந்தார்கள். இரத்தினசிங்கம் ஓடினார். வாசலில் நின்ற தன் மோட்டார் சைக்கிளையும் தாண்டி, வீதியைக் கடந்து, எதிரே இருந்த வெறுங்காணியில் போய்த் திரும்பி நின்றார்.

"இவ்வளவு பேர்தானோடா? மேல நிக்கிறவங்களுக்குப் பயமோ? ஒரு அப்பனுக்குப் பிறந்தவங்கள் எண்டா இறங்கி வாங்கடா!"

அந்தச் சொல் மேலே போய்த் தைத்தது. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஏணியால் இறங்கி ஓடிவந்தார்கள். முன்னால் வந்த மேசன் பாஸ் அலியாரின் கையில் பலகைத் துண்டு.

முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்ததில் உதடு கிழிந்தது. மூக்குக்கண்ணாடி யாருடைய காலுக்குக் கீழோ நொறுங்கியது. சஜீத் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கி வயிற்றில் உதைத்தான். மனிதர் ஒரு அடிகூடத் திருப்பி அடிக்கவில்லை. முழங்காலில் விழுந்து தலையைக் கையால் மூடிக்கொண்டு, "இன்னும் ஆர்? இன்னும் ஆரடா இருக்கிறான்?" என்றே கத்தினார்.

அந்தத் திமிர் சஜீத்துக்கு வெறி ஏற்றியது. மண்வெட்டியை அவர் தலைக்கு மேல் ஓங்கினான்.

நிலம் அதிர்ந்தது.

முதுகுக்குப் பின்னால் எழுந்த இரைச்சலில் எல்லோரும் திரும்பினார்கள். மூன்றாம் மாடி இரண்டாவதன் மேல் இறங்கியது. இரண்டும் சேர்ந்து கீழ்த்தளத்தை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்தன. வீதி முழுக்கப் புழுதி. சற்று முன் அவர்கள் நின்ற இடம் எதுவென்றே தெரியவில்லை.

மண்வெட்டி சஜீத்தின் கையிலிருந்து நழுவியது. அலியார் அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

இரத்தினசிங்கம் வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பினார். கண்ணை இடுக்கி, சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"உள்ள ஒருத்தரும் இல்லையே? எல்லாரும் என்னை அடிக்க வந்தனீங்கள்தானே?"