கெட்டுப்போன இடம்

ஒரு கிண்ணம் சர்க்கரை கேட்கும் சாக்கில் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிறேன். உள்ளே தையல்காரியின் கம்ப்யூட்டர் முனகுகிறது. அவள் வருடக்கணக்காக வரைந்த சட்டை மாதிரிகளெல்லாம் அதன் வயிற்றில்தான். காலையில் ஹார்டு டிஸ்க்கைச் சோதிக்க விட்டிருக்கிறார்கள். முடிவு திரையில் வந்து போனபோது, காவலுக்கு உட்கார்ந்த கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாராம். இப்போது கம்ப்யூட்டரின் பழைய பதிவுகளுக்குள் அந்த முடிவைத் தேடுகிறார். பாதி தைத்த சட்டையை விரித்து ஜன்னல் வெயில் திரையில் விழாமல் மறைத்துப் பிடித்திருக்கிறாள் அவள். கழுத்தில் தொங்கும் அளவு நாடாகூட அசையவில்லை. "கிடைச்சிருச்சு," என்கிறவரின் முகம் தொங்கிப்போகிறது. "பூஜ்யம்னு போட்டிருக்கு. எல்லாம் போச்சு." அவள் குனிந்து அந்த வரியை விரலால் தடவுகிறாள். "முழுசாப் படிங்க. டிஸ்க்குல கெட்டுப்போன இடம்தான் பூஜ்யம். எல்லாமே பத்திரமா இருக்கு." "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்." "வந்தீங்க, வந்தீங்க! முதல்ல எல்லாத்தையும் பென் டிரைவுல ஏத்துங்க, அப்புறம் தூங்கலாம்." அவள் சிரிக்கையில் அளவு நாடா குலுங்குகிறது. "அக்கா, எட்டிப் பார்த்தது போதும், உள்ள வாங்க." சட்டை தையல் மெஷினுக்குப் போகிறது. மறைப்பு விலகியதும், திரை முழுக்க வெயில் கொட்டுகிறது.