வடை கட்டிய துணி

“சாக முன்னம் ஒருக்காவாவது எனக்காண்டி ஆரோடையும் சண்டை பிடியுங்கோவன் அப்பா,” என்று சிவமலர் ஒருமுறை கணவனிடம் கேட்டாள்.

“அதுக்குத்தானே நீர் இருக்கிறீர்,” என்றார் பேரின்பநாதன்.

அன்று வீட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. வீட்டுக்காரனிடம் போய் அரைமணி நேரம் கத்திவிட்டு வந்து, குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் கணவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு பத்துச் சொல். அவர் முழு நேரமும் அவளுக்குப் பின்னால் கைகட்டி நின்றிருந்தார்.

அது பன்னிரண்டு வருடங்களுக்கு முன்.

இப்போது அவளிடம் அந்தப் பத்துச் சொல்லும் இல்லை. தமிழும் இல்லை. மறதி நோய் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது.

ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளைச் சேர்த்து ஆறு வாரம் ஆகிறது. அவர் தினமும் மஞ்சள் லைன் மெட்ரோவில் ஆற்றைக் கடந்து இரண்டு மணிக்கு வருவார், நாலு மணிக்குத் திரும்புவார். சாப்பாட்டு நேரத்தில் வர வேண்டாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமையென்றால் பணிப்பெண்களுக்குக் கடலை வடை சுட்டுக்கொண்டு வருவார். அவர்களைச் சந்தோசமாக வைத்திருந்தால் அவர்கள் அவளைச் சந்தோசமாக வைத்திருப்பார்கள் என்பது அவருடைய எண்ணம்.

வடையைத் துணியில்தான் கட்டுவார். டவுன்டவுனில் அவர் இருபத்தெட்டு வருடம் கோப்பை கழுவிய உணவகத்தில் கழித்துவிட்ட நீலக் கட்டம் போட்ட துணிகள். சிவமலர் அவற்றை வெட்டி, ஓரத்தைச் சிவப்பு நூலால் மடித்துத் தைத்து வைத்திருந்தாள்.

ஐந்து வெள்ளிக்கிழமை, ஐந்து துணி. ஒன்றும் திரும்பி வரவில்லை.

கேட்க அவருக்குக் கூச்சம். சிவமலர் என்றால் முதல் வாரமே கேட்டிருப்பாள்.

மூன்றாவது வாரம்தான் அவளுடைய வலது மணிக்கட்டில் சிவந்த கோட்டைக் கண்டார். காப்பு இறுக்கமாகிவிட்டது என்று நினைத்தார். சவர்க்காரம் தடவிக் கழற்றி, மன்னிப்புக் கேட்பதுபோல அவள் கன்னத்தைத் தடவிவிட்டு, காப்பை இடது கையில் போட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, காப்புப் போட்ட இடது கையில் ஒன்றும் இல்லை. காப்பில்லாத வலது கையில் கோடு இன்னும் தடித்திருந்தது. தொடப்போனால் கையை இழுத்துக்கொண்டாள்.

தோல் வறட்சி என்றாள் பணிப்பெண். அவர் “மெர்சி” என்று நன்றி சொன்னார்.

நேற்றுத்தான் பக்கத்து அறை மாக்கிரட் தன் சக்கர நாற்காலியை அவர் அருகில் உருட்டிக்கொண்டு வந்தாள். பாசையூர்ப் பெண், அங்கே அவரை விட்டால் தமிழ் கதைக்க அவளுக்கு ஆளில்லை.

“அண்ணை, நீங்கள் ரெண்டு மணிக்கெல்லோ வாறியள். ஒருநாளைக்குப் பன்ரண்டு மணிக்கு வந்து பாருங்கோ.” கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “இதுக்கு மேலை என்னட்டைக் கேக்காதேங்கோ. நானும் இஞ்சைதான் இருக்கோணும்.”

அவருக்கும் அந்தப் பயம்தான். சண்டை பிடித்துவிட்டு அவர் நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம். அவள் எங்கே போவாள்?

இன்று வெள்ளி. பழக்கத்தில் வடை சுட்டார். ஆறாவது துணியில் கட்டினார். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மண்டபத்தின் கதவைத் தள்ளினார்.

“போன்ஜூர், முசியு நாதன்! வடையா?”

அவருடைய வடையை எப்போதும் மெச்சும் பெண்தான். ஒரு கையில் கரண்டி, எதிரே சிவமலர். எதையும் மறைக்க வேண்டும் என்றுகூட அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை. நல்ல சிரிப்பு.

சிவமலரின் வலது கை நாற்காலிக் கையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

முள்ளுக்கரண்டி என்றால் என்னவென்று அவள் மறந்துவிட்டாள். கை மறக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைக் கண்டால் அது போகும், பிசையும், சிந்தும். துடைக்க நேரம் எடுக்கும்.

கட்டுக்குக் கீழே விரல்கள் மட்டும் சோறு குழைத்துக்கொண்டிருந்தன.

கட்டியிருந்த துணியைப் பார்த்தார். நீலக் கட்டம். ஓரத்தில் சிவப்பு நூல்.

நிமிர்ந்தார். யன்னலோரத்துக் கிழவரின் கையில் ஒன்று. அவருக்குப் பக்கத்தில் இருந்தவளின் கையில் ஒன்று. தூண் அருகே இரண்டு.

முடிச்சை அவிழ்க்கக் கை போனது. நிறுத்திக்கொண்டார். தானே அவிழ்த்தால் அது வெறும் துணியாகிவிடும்; கட்டினதற்குச் சாட்சி இராது.

“கொஞ்சம் பொறும்,” என்று சிவமலரின் காதில் சொன்னார்.

பிறகு, இருந்த இடத்திலிருந்தே தலைமைத் தாதியைக் கூப்பிட்டார். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ, மண்டபத்தில் எல்லாக் கரண்டிகளும் நின்றன.

தாதி வந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டாள்.

அவர் வடைப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் மனைவியின் தோளைப் பிடித்தார். உணவகக் குசினியில் பொறுக்கிய பிரெஞ்சில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“என்னுடைய துணி. ஐந்து. ஐந்தையும் அவிழ்த்துத் தாருங்கள். எனக்கு முன்னால். இப்போதே.”