துவைக்காத சாக்ஸ்

திங்கட்கிழமை மதியம், அயோவாவில் சோளக்காட்டை ஒட்டிய பெட்ரோல் பங்கில், பெரிய அணிக்குள் நுழையக் காத்திருக்கும் பேஸ்பால் பையன்களின் பேருந்து நிற்கிறது. கோச் டுவைட் முன்படியில் நின்று அந்த வாரக் கணக்கை வாசிக்கிறார். “ப்ரோடி, இருபத்திரண்டு தடவை மட்டையப் பிடிச்சே. ஒண்ணுகூட உருப்படல.” ப்ரோடி சூரியகாந்தி விதைத் தோலைக் காகிதக் குவளைக்குள் துப்புகிறான். “யெய்சன், ரெண்டு வாரமா ஒரு ஆட்டத்துலகூட நீ அடிக்காம திரும்பல.” அந்த இரண்டு வாரமும் யெய்சன் காலில் ஒரே சாக்ஸ்தான், துவைத்தால் அதிர்ஷ்டம் போய்விடுமாம். அவன் பக்கத்தில் உட்காரத் துணிந்தவன் அறைத்தோழன் ப்ரோடி மட்டுமே. கோச் தாளை மடிக்கிறார். “அந்தச் சாக்ஸுக்கு இனிமே என் பஸ்ஸுல இடமில்ல. பையை எடுத்துட்டு இறங்கு.” யெய்சன் எழுந்து தொப்பியைக் கழற்றுகிறான். கோச்சின் முகத்தில் சிரிப்பு பரவுகிறது. “டாக்ஸி வந்துட்டிருக்கு. நாலு மணிக்குப் பிளேன். மேல் அணியில உன்னைக் கூப்பிடறாங்க. இனி அவங்க மூக்கு, அவங்க பாடு.” கூச்சலில் கண்ணாடிகள் அதிர்கின்றன. ப்ரோடி அவனை இறுகக் கட்டிக்கொண்டு விடாமல் நிற்கிறான். “டேய், சாக்ஸைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ.” யெய்சன் குனிந்து தன் கால்களையே பார்க்கிறான். பேருந்து நகரும்போது ப்ரோடி அந்தச் சாக்ஸ் மாட்டிய ஒரு காலைத் தூக்கி ஜன்னலில் காட்டுகிறான்; சாலையோரம் கையசைத்துக்கொண்டு நிற்பவனின் ஒரு கணுக்காலில் மட்டும் வெயில் படுகிறது.