டாக்டர் லிவியாவின் நான்கு குறைகள்

அன்று மதியம் கோரெகோ மான்சோ சுகாதார நிலையத்தின் காத்திருப்பு அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஊர்ச் சுகாதாரக் குழுவின் தலைவர், பெரியவர் அர்ஜெமிரோ, எடை பார்க்கும் கருவிக்குப் பக்கத்து மேசையில். சுல்மிரா அக்கா, தடுப்பூசி அட்டவணைக்குக் கீழே நீள பெஞ்சில். முடிதிருத்தும் வால்தீர், பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன்மேல். வீடு வீடாகப் போய் வரும் சுகாதாரப் பணியாளர் ரோசிலேனி மட்டும் உட்காரவில்லை. டாக்டர் வந்துவிடப் போகிறாரே என்று வாசலிலேயே நின்றிருந்தாள்.

நால்வருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை; ஒரு கடிதம் எழுதக் கூடியிருந்தார்கள். டாக்டர் லிவியாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூடக் கடிதத்தில் வரக்கூடாது என்பது முதல் தீர்மானம். ஒருமனதாக நிறைவேறியது.

மேசையில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தாள். குடும்ப மருத்துவர் ஆவதற்கான மூன்றாண்டுச் சிறப்புப் பயிற்சிக்கு லிவியா விண்ணப்பித்திருந்தார். 'இவர் உங்கள் ஊரில் எப்படி வேலை செய்கிறார்?' என்று குழுவிடம் கேட்டிருந்தார்கள். பதிலை அவருக்குக் காட்டாமல் ஒட்டி அனுப்ப வேண்டும்; நான்கு மணி பஸ்ஸை விட்டால் கெடு தாண்டிவிடும்.

"ஆறு வருஷத்துல ஒன்பது டாக்டர்!" சுல்மிரா மூக்கைச் சிந்தினாள். "பயிற்சின்னு போன ஒருத்தனாவது திரும்பி வந்தானா? தோல் டாக்டராப் போனவன் தலைநகர்ல பணக்காரிங்க நெத்தியில ஊசி குத்திக்கிட்டு இருக்கான். இந்தப் பொண்ணும் போயிட்டா நான் யார்கிட்ட போவேன்?"

"அழாதீங்கக்கா. அதுக்குத்தானே இந்தக் கடிதம்? படிச்சதும் 'இவங்க வேண்டாம்'னு தள்ளிடணும்," என்றான் வால்தீர். "மருந்தை மாத்திக் கொடுத்து ஆளையே கொன்னுட்டாங்கன்னு எழுதுங்கண்ணே."

அர்ஜெமிரோ பேனாவைக் கீழே வைத்தார். முப்பது வருஷம் நகராட்சியில் பிறப்பு, இறப்புப் பதிவேடு எழுதியவர். "பொய்னா என் கையெழுத்து கிடையாது. உண்மையான குறையாச் சொல்லுங்க."

உண்மையான குறைக்கு நால்வரும் கூரையைப் பார்த்தார்கள்.

"கேள்வி கேட்டே ஆளை ஒரு வழி பண்ணுது," என்று சுல்மிராதான் ஆரம்பித்தாள். "முட்டி வலின்னு போனேன். ராத்திரி தூங்கறீங்களா, வீட்ல யாரு துணைக்கு, மகன் போன் பண்றானான்னு முக்கால் மணி நேரம்! வெளியில பன்னெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க."

'ஒன்று: முட்டி வலிக்கு வந்தவரிடம் முக்கால் மணி நேரம் வீட்டுக் கதை கேட்கிறார்.'

"தலைவலிக்கு ஸ்கேன் எழுதித் தரச் சொன்னேன், தரல," என்றான் வால்தீர். "கடைக்கே வந்து நான் முடி வெட்டுறதைப் பார்த்துட்டு, 'குனிஞ்சு குனிஞ்சு வெட்டறீங்க, நாற்காலியை உசத்துங்க'ன்னாங்க."

"தலைவலி?" என்றார் அர்ஜெமிரோ.

"அது போயிடுச்சு. ஆனா ஸ்கேன் கிடைக்கலையே!"

'இரண்டு: ஸ்கேன் தராமல் கடைக்கு வந்து நாற்காலியை உயர்த்தச் சொல்கிறார்.'

"சுல்மிராக்காவோட ஒன்பது மாத்திரையை மூணாக்கிட்டாங்க," என்றாள் ரோசிலேனி வாசலிலிருந்து.

"ஆமா, எழுதுங்க! டப்பாவைத் திறந்தாப் பார்க்கவே பாவமா இருக்கு."

மூன்றாவதும் ஏறியது. நான்காவதற்கு அர்ஜெமிரோ தாமே தொண்டையைச் செருமினார்.

"பேத்திக்கு வயித்து வலின்னு கூட்டிட்டுப் போனோம். அவளுக்கு ஒரு மருந்தும் தரல. என்னையும் மருமகனையும் எதிரெதிரே உட்கார வெச்சு, ரெண்டு பேரும் ஏன் பேசிக்கறதில்லைன்னு கேட்டாங்க."

"பேசினீங்களா?" என்றாள் ரோசிலேனி.

"இப்ப ஞாயித்துக்கிழமை சேர்ந்து சாப்பிடறோம்," என்றார் சலிப்போடு. "அவனுக்குப் பிடிச்ச கோழிக்கறியா வேற சமைக்கறாங்க." பேத்தியின் வயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவள் வெளியே சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தாள்.

'நான்கு: மருந்து கொடுக்காமல் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்கிறார்.'

நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். அர்ஜெமிரோ உறையை ஒட்டி, மடிப்பின்மேல் குழுவின் முத்திரையை இரண்டு முறை அழுத்தினார். பஸ் ஹாரன் கேட்டதும் ரோசிலேனி ஓடிப்போய் டிரைவர் கையில் கொடுத்தாள். சுல்மிரா சிலுவை போட்டுக்கொண்டாள்.

பஸ் கிளப்பிய செம்மண் புழுதி அடங்குவதற்குள் லிவியா உள்ளே வந்தார்.

"அனுப்பியாச்சா? அப்பாடா! இப்பத்தான் சேதி வந்தது. நம்ம நிலையத்தையே பயிற்சி இடமா ஒத்துக்கிட்டாங்க. சீட்டு கிடைச்சா மூணு வருஷமும் இங்கேயேதான்."

"கிடைக்கலைன்னா?" என்றாள் சுல்மிரா.

"டிசம்பரோட என் ஒப்பந்தம் முடியுது. மூட்டை கட்ட வேண்டியதுதான்."

வால்தீர் ஒரே பாய்ச்சலாக வெளியே ஓடினான். மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "பாலத்தைத் தாண்டிடுச்சு."

ரோசிலேனியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. முட்டி, நாற்காலி, மாத்திரை, மருமகன் என்று நான்கையும் வரி பிசகாமல் ஒப்பித்துவிட்டாள். சுல்மிரா முந்தானை இல்லாத குறைக்குக் கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

லிவியா பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். "இவ்வளவும் எழுதினீங்களா? அப்படியேவா?"

"அப்படியே," என்றார் அர்ஜெமிரோ, தரையைப் பார்த்தபடி. "முத்திரை வேற வெச்சு."

லிவியாவுக்கு வந்த சிரிப்பில் கண்ணில் நீர் தளும்பியது.

"ஐயோ பெரியவரே, இப்படி வேலை பார்க்கத்தானே அவங்க மூணு வருஷம் சொல்லித் தர்றாங்க!"