பாட்டிக்கு ஒரு படம்

“இதுவும் பாட்டி இல்லை” என்று படத்தைத் தள்ளி வைத்தார் வக்கீல் ஸ்ரீனிவாசராகவன்.

ஓவியர் இனாயத்துக்கு நெற்றி வியர்த்தது. இறந்துபோனவர்களை வீட்டார் சொல்லக் கேட்டே வரைந்து கொடுப்பதில் மயிலாப்பூரில் அவருக்குப் பெயர் உண்டு. ஒரே தாளில் முடிக்கிற ஆசாமி, இந்த வடக்கு மாட வீதி வீட்டில் வக்கீலின் முகஜாடையை வைத்து வரைந்தே மூன்று தாளைத் தொலைத்துவிட்டார். யுத்த காலத்தில் நல்ல தாள் குதிரைக் கொம்பு. கையில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று.

“இன்னா தப்புன்னு சொல்லுங்க சாமி, திருத்திடலாம்.”

“தப்புன்னு சொல்லத் தெரியலை. ஆனா பாட்டி இல்லை.”

நாளை மறுநாள் பாட்டியின் முதல் வருஷத் திதி. தாயில்லாத மூன்று குழந்தைகளை வளர்த்து ஆளாக்கியவளுக்குக் கூடத்தில் மாட்ட ஒரு போட்டோகூடக் கிடையாது. தன் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்று வக்கீல் ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. அதற்காகவே தம்பி வேதாந்தத்தையும், மந்தைவெளியில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை ஜானகியையும் வரவழைத்திருந்தார்.

“அந்தம்மாவப் பத்தி எதுனா பேசிக்கினே இருங்க. முகம் தானா வரும்” என்று பென்சிலைச் சீவினார் இனாயத்.

பாட்டி கதைகளுக்கா அந்த வீட்டில் பஞ்சம்? வேதாந்தம் ஆரம்பித்தார்.

“நான் பரீட்சைக்குக் கெளம்பறேன். உக்கிராண உள் கதவிடுக்குலேர்ந்து ஒரு கை நீள்றது, தயிரும் சக்கரையுமா. நான் தெருத் திரும்பற வரைக்கும் பாட்டி வெளியிலயே வரலை. அந்தத் தயிர் ருசி இன்னும் நாக்குல இருக்கு.”

“தெனம் பின்னால உக்காந்துண்டு எனக்குத் தலை பின்னி விடுவா” என்றாள் ஜானகி. “சிக்கெடுத்தா நோகவே நோகாது. என் கல்யாணத்தன்னிக்கு முழுக்கக் கொல்லைப்பக்கமே இருந்துட்டா. ஆனா சீர் முறுக்கு அத்தனையும் அவ கை சுத்தினதுதான். இடது மணிக்கட்டுல வெந்நீர் கொட்டின வடு இருக்கும்.”

“மொத கேஸுக்கு நான் கோர்ட்டுக்குப் போனப்போ, ‘ஜெயிச்சுண்டு வாடா’ன்னு சமையல் உள்ளுக்குள்ளேர்ந்து குரல் வந்தது” என்றார் வக்கீல். அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனாயத் முக்காட்டை வரைந்தார். குறுகிய தோளையும் நார்மடிப் புடவையின் சுருக்கங்களையும் வரைந்தார். கடைசியில் மடியில் கிடந்த கையையும் மணிக்கட்டு வடுவையும் போட்டார்.

“பாட்டி” என்றார்கள் மூன்று பேரும் ஏக காலத்தில். ஜானகி அழுதேவிட்டாள்.

இனாயத்துக்கு உயிர் வந்தது. இனி முக்காட்டுக்குள் இருந்த வெற்றிடத்தை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது.

“மூக்கு எப்டி? நீளமா, சப்பையா?”

வேதாந்தம் அண்ணனைப் பார்த்தார்.

“சரி, கண்ணு? பெருசா, சின்னதா?”

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இனாயத் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். பொறுமைக்குப் பெயர்போன மனிதருக்கே கோபம் வந்துவிட்டது.

“ஒரே வூட்ல வளந்திருக்கீங்க. மூணு பேர்ல ஒருத்தருக்குமா அந்தம்மா முகம் தெரியல?”

ஜானகிதான் சொன்னாள்.

“தாலியறுத்தவ முகத்துல முழிக்கப்படாதுன்னு பாட்டிதான் சொல்லிக்குடுத்தா.”