மூச்சைக் கவனித்தவர்

"இதைக் கத்துக்கிட்டா ராத்திரி தூக்கம் வருமா மேடம்?" என்று கேட்டுத்தான் டெய்லர் தியான வகுப்பில் சேர்ந்தார்.

"மூச்சு உள்ளே போறதையும் வெளியே வர்றதையும் மட்டும் கவனிங்க" என்றார் டீச்சர். சற்று நேரத்தில் ஒருவருக்கு இருமல், இன்னொருவருக்குக் கொட்டாவி. டெய்லர் மட்டும் மணி அடித்த பிறகும் அசையவில்லை.

"புதுசுன்னு சொன்னது பொய்தானே சார்? எங்க பழகினீங்க?"

"வீட்லதான் மேடம். வீட்டுக்காரி பக்கத்துல உட்கார்ந்து, தினமும்."

"பொண்டாட்டி பக்கத்துல வாயைத் திறக்காம உட்கார்றதே பெரிய தவமாச்சே!" என்றது பின்வரிசை. எல்லோரும் சிரித்தார்கள். டெய்லரும் சிரித்துவைத்தார்.

"அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

டெய்லர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"அவ படுத்த படுக்கையா இருந்தா மேடம். நின்னுடுமோங்கிற பயத்துல விடிய விடிய அவ மூச்சையே கவனிச்சிட்டிருப்பேன். போன வருஷம் நின்னுபோச்சு. ஆனா படுத்தா போதும், இந்தக் காது இன்னும் அதையே தேடுது."

டெய்லர் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார்.

"மூச்சைக் கவனிக்காம இருக்கறதுக்கு ஏதாவது பயிற்சி இருக்கா மேடம்?"